சனிக்கிழமை நாலு மணி நேரம்

ஒன்பதே காலுக்கு ஆட்டோ நின்றது. நசரத்பேட்டையைத் தாண்டியாகிவிட்டது, பூந்தமல்லி பைபாஸுக்கு இன்னும் அரை கிலோமீட்டர் இருந்தது. ஜெகன் கொஞ்ச நேரம் எஞ்சினை உறுமவிட்டுப் பார்த்தான். பிறகு அணைத்தான். பிறகு இறங்கி, பக்கத்து லாரியின் படியில் ஒரு காலை வைத்து எக்கிப் பார்த்துவிட்டு, "முட்டிக்கினு நிக்குது அண்ணாத்தே" என்று சொல்லி மறுபடி வந்து உட்கார்ந்துகொண்டான். பின் சீட்டில் கோவிந்தன் தன் மனைவி நாகவல்லியின் இடது கையை மடியில் வைத்து, மணிக்கட்டுக்கு மேலே கயிறு மாதிரி புடைத்திருந்த நரம்பில் இரண்டு விரலை வைத்திருந்தான். டயாலிசிஸ் செய்வதற்காக ஆபரேஷன் பண்ணி இணைத்த நரம்பு. உள்ளே ரத்தம் பாயும் வேகத்தில் அது விர்ரென்று அதிர்ந்துகொண்டே இருக்கும். அதிர்கிறவரை நல்லது, நின்றுவிட்டால் உடனே ஓடி வாருங்கள் என்று நாலு வருஷத்துக்கு முன் டாக்டர் சொன்னார். கோவிந்தன் அம்பத்தூர் எஸ்டேட்டில் இருபத்தெட்டு வருஷம் லேத் மெஷினில் நின்றவன். ஓடுகிற மெஷினின் மேல் உள்ளங்கையை வைத்தே பேரிங் தேய்ந்துவிட்டதா இல்லையா என்று சொல்லிவிடுவான். அந்தக் கைக்கு இப்போது இருக்கும் ஒரே வேலை இதுதான்.

பத்தரைக்கு அவளை மெஷினில் போட வேண்டும். போரூருக்கு இந்தப் பக்கம் இருக்கும் அந்த ஆஸ்பத்திரியில் ஆறு டயாலிசிஸ் மெஷின்கள், மூன்று ஷிப்ட். காலை ஆறு மணிக்கு ஒன்று, பத்தரைக்கு ஒன்று, மூன்று மணிக்கு ஒன்று. ஆளுக்கு நாலு மணி நேரம். லேட்டாக வந்தால் யாரும் திட்டுவதில்லை, ஏற்றிக்கொள்வார்கள். ஆனால் இறக்குகிற நேரம் மட்டும் மாறாது, அடுத்த ஷிப்ட் ஆள் வெளியே காத்திருப்பார். ரோட்டில் தொலைத்தது தொலைத்ததுதான். ஒரு மாதமாக நாகவல்லிக்கு நாலு மணி நேரம் முழுசாகக் கிடைத்ததே இல்லை. மூன்றரை, மூன்று, ஒரு நாள் இரண்டே முக்கால். வெளியேறாத தண்ணீர் உடம்பிலேயே தங்கிக் கால் வீங்கிவிட்டது, முகம் வீங்கிவிட்டது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று தலையணைக்கு மேல் தலையணை அடுக்கி, உட்கார்ந்தபடியே தூங்குகிறாள். அதிலும் சனிக்கிழமைதான் முக்கியம். சனி விட்டால் செவ்வாய். நடுவில் கூடுதலாக ஒரு நாள் இருக்கிறது. "வியாழக்கிழமை கொஞ்சம் கொறஞ்சாலும் பாத்துக்கலாம். சனிக்கிழமை நாலு மணி நேரம் கொறையவே கூடாது" என்று போன வாரம் டாக்டர் கோவிந்தனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். தனியாகச் சொன்னதை நாகவல்லி எப்படியோ தெரிந்துகொண்டாள்.

காலையில் தலை வாரிக்கொண்டே அவள் சொன்னாள், "இன்னிக்கி முழுசா கெடைக்கலன்னு வெச்சிக்கோ, செவ்வாக்கெழம என்னிய கூப்டாத." கோபமாகச் சொல்லவில்லை. அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள். "காலைலயே இன்னா பேச்சி இது" என்று சொல்லிவிட்டு அவன் சட்டை தேடப் போனான். சட்டை கண்ணெதிரே கொடியில்தான் கிடந்தது. கொஞ்ச நேரம் அதைத் தேடினான்.

ரோட்டின் நடுவில் தகரத் தடுப்புக்குள் இரண்டு துளையிடும் மெஷின்கள் நின்றன. இரண்டுக்கும் நடுவே பத்தடிகூட இருக்காது. ஒன்று மேம்பாலச் சாலைக்காக மண் பரிசோதனை செய்கிறது. மற்றொன்று பூந்தமல்லியோடு நின்றுவிட்ட மெட்ரோ ரயிலை இந்தப் பக்கம் நீட்டுவதற்காக மண் பரிசோதனை செய்கிறது. இருப்பது ஒரே ஒரு நடு ரோடு, பெண் கேட்டு வந்த மாப்பிள்ளைகளோ இரண்டு பேர். ஆரஞ்சுச் சட்டைக்காரர்கள் ஒரு துளை போட்டு, எடுத்த மண்ணைப் பெட்டியில் அடுக்கி எழுதிவைத்துக்கொண்டு போனால், மறுவாரம் பச்சைச் சட்டைக்காரர்கள் பக்கத்திலேயே இன்னொரு துளை போட்டு அதே மண்ணை எடுத்து அடுக்குகிறார்கள். ஒருவரிடம் ஒருவர் தீப்பெட்டிகூடக் கேட்பதில்லை. எது வருமென்று யாருக்கும் தெரியாது. இரண்டும் வரும், ஒன்றின் மேல் ஒன்றாக வரும் என்று டீக்கடையில் சொல்கிறார்கள். இப்போதைக்கு வந்திருப்பது தகரம்தான். ஆறு வரிசையில் போய்க்கொண்டிருந்த வண்டிகளை அது இரண்டு வரிசையில் பிழிந்துகொண்டிருந்தது.

"பாலம் போட்டான்னு வெச்சிக்கோ, லாரி, கண்டெய்னரு அல்லாம் மேல பூடும்" என்றான் ஜெகன். இது தினமும் ஓடுகிற பேச்சு. "கீழ நாம ஃப்ரீயா ஓட்டலாம். உன் ரயிலு வந்தா என் பொயப்பு இன்னா ஆவறது?"

வழக்கமாக இந்த இடத்தில் கோவிந்தன் பாய்ந்துவிடுவான். வியாபாரிகள் சங்கத்தார் கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டு, மேம்பாலம்தான் வேண்டும் என்று மனு எழுதிய அன்று, தனி ஆளாக எழுந்து நின்று பேசியவன் அவன். "பாலம் காரு வச்சிக்கினு கீறவனுக்கு. நம்பள மாதிரி ஆளுக்கு ரயிலுதான்" என்று சொல்லிக் கைதட்டலும் வாங்கியவன். இன்று அவன் நரம்பில் வைத்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். ஜெகன் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டுத் தானும் பேச்சை விட்டுவிட்டான்.

ரயில் மேல் அவனுக்கு இருந்தது வெறும் ஆசை இல்லை, ஒரு மயக்கம் என்றே சொல்லலாம். நாலு வருஷமாக, வாரம் மூன்று நாள், பூந்தமல்லியிலிருந்து குமணன்சாவடி வழியாகப் போரூர் வரைக்கும் தூண் தூணாக அது எழும்புவதைப் பார்த்துக்கொண்டே போய்வந்தான். கம்பி கட்டியபோது பார்த்தான், தூணுக்குத் தலை வைத்தபோது பார்த்தான். "ஒரு நூலு பிசகக் கூடாதும்மே, அவ்ளோ வேலத்தனம்" என்று நாகவல்லிக்கு விளக்குவான். அவளுக்கு வேலைத்தனம் எல்லாம் தெரியாது. தூணில் எழுதியிருக்கும் நம்பரைப் படித்துக்கொண்டே வருவாள். நாற்பதாம் தூண் வந்தால் பாதி வழி. எழுபத்தாறில் இடது பக்கம் திரும்ப வேண்டும். அவளுடைய நோயும் அந்தத் தூண்களும் ஒன்றாகவே வளர்ந்தன.

அந்த மயக்கத்தில்தான் அவன் அதைச் செய்தான். முதலில் நாகவல்லிக்குக் காலை ஆறு மணி ஷிப்ட்தான் இருந்தது. அஞ்சு மணிக்குக் கிளம்பினால் ரோடே காலியாக இருக்கும், அரை மணியில் போய்விடலாம். இரண்டு வருஷத்துக்கு முன், அதே வார்டில் பத்தரை மணிக்கு வந்துகொண்டிருந்த அமல்ராஜ் அவனிடம் வந்து நின்றான். கரையான்சாவடிக்காரன், சிறு வயது. இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கம்பெனி கேன்டீனில் சூப்பர்வைசர் வேலை கிடைத்திருப்பதாகவும், இரண்டு மணிக்கு வேலையில் நிற்க வேண்டும் என்றும், ஆறு மணி ஷிப்ட் கிடைத்தால் உயிரோடும் இருக்கலாம் வேலையோடும் இருக்கலாம் என்றும் சொன்னான். அந்த வார்டில் இப்படி மாற்றிக்கொள்வது உண்டு. இரண்டு பேரும் சம்மதித்தால் போதும், வார்டு நர்ஸ் பேபி சிஸ்டர் நோட்டில் பெயரை மாற்றி எழுதிவிடுவார். கோவிந்தன் வெளியே மெட்ரோ வேலைக்காக அடித்திருந்த தகரத்தில் மாட்டியிருந்த போர்டை நினைத்தான். ரயில் ஓடுவதுபோல் படம் போட்டு, அது ஓடப்போகும் வருஷமும் போட்டிருந்தது. "ரயிலு வந்துட்டா இருவது நிமிசம். அப்பறம் ஆறு மணி இன்னா, பத்தரை இன்னா. நீயே வெச்சிக்கோ நைனா" என்றான். உள்ளே மெஷினில் படுத்திருந்த நாகவல்லியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று முழுக்க ஏதோ தானம் செய்துவிட்ட மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தான். போர்டில் இருந்த வருஷத்தின் மேல் பிறகு ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அதன் மேல் இன்னொன்று ஒட்டினார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்த ஆறு மணியைத் திருப்பிக் கேட்பதற்காக அமல்ராஜ் வீட்டுக்குப் போனான். அவன் மனைவி டீ கொடுத்தாள், தட்டில் பிஸ்கட் வைத்தாள். கொடியில் கேன்டீன் யூனிஃபார்ம் தேய்த்துத் தொங்கிக்கொண்டிருந்தது. கோவிந்தன் தொண்டையைச் செருமிய நேரத்தில் அமல்ராஜே பேசினான். "நீங்க குடுத்த ஆறு மணிதான்ணே இந்த ஊட்ல சோறு. டெய்லி ஜெபத்துல உங்க பேரச் சொல்றோம்." அதற்குப் பிறகு ஒரு மனிதன் என்ன கேட்பான்? டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டான். வீட்டில் நாகவல்லி, "இன்னா சொன்னான்?" என்றாள். "ஆளு ஊட்ல இல்லம்மே. சர்ச்சுக்குப் போய்க்கிறானாம்" என்றான். "டீயாவது குட்ச்சியா?" என்றாள். "குட்ச்சேன்" என்று சொல்லிவிட்டான்.

மணி பத்து ஆகப்போகிறது. பிளாஸ்கிலிருந்து ஒரு ஐஸ் துண்டை எடுத்து அவள் வாயில் போட்டான். ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது என்பதால் தாகத்துக்கு ஐஸ்தான். அதைக் கடிக்காமல் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டாள். மூச்சு விடும்போது தோள் இரண்டும் ஏறி இறங்கின. தகரத்துக்கு அந்தப் பக்கம், மெஷின்களைச் சுற்றி ஒரு வண்டி போகிற அகலத்துக்கு ரோடு காலியாகக் கிடந்தது. ஐம்பது அடி போனால் வெளியே வந்துவிடலாம், அங்கிருந்து பைபாஸ் வரைக்கும் நெரிசல் இல்லை. கோவிந்தன் இறங்கினான்.

ஆரஞ்சுச் சட்டைக்காரனிடம் போய்க் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னான். "பேஷண்ட்டு இருக்காங்கப்பா. ஒரே ஒரு ஆட்டோ." அவன், இது அவங்க தகரம், அவங்களைக் கேளுங்க என்றான். பச்சைச் சட்டைக்காரன் ஆட்டோவை எட்டிப் பார்த்தான், முகம் இளகத்தான் செய்தது. ஆனால், வழி அவங்க பக்கம் இருக்கு, அவங்கதான் திறக்கணும் என்றான். கோவிந்தன் அவர்கள் இருவருக்கும் நடுவே இரண்டு தடவை நடந்தான். மூன்றாவது தடவை நடக்கவில்லை. தகரத்தை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். கீழே சிமெண்ட் கட்டை வைத்த தகரம், இரண்டு ஆள் தூக்குகிற எடை. ஐம்பத்தாறு வயதில் எங்கிருந்து வந்ததோ, ஒரே இழுப்பில் நாலடி திறந்துவிட்டது. "ஜெகனு, வா!" என்று கையை வீசினான்.

ஜெகன் எஞ்சினைக் கிளப்புவதற்குள் ஒரு பைக் உள்ளே நுழைந்தது. பின்னாலேயே பத்து பைக். அப்புறம் ஒரு ஷேர் ஆட்டோ, அதை ஒட்டிக்கொண்டு ஒரு கம்பெனி வேன். "ஆட்டோவ வுடுங்கப்பா, பேஷண்ட்டுப்பா" என்று கோவிந்தன் கத்தினான். கைகளை விரித்துக்கொண்டு குறுக்கே நின்று பார்த்தான். அவனைச் சுற்றிக்கொண்டு போனார்கள். உள்ளே தரையில் கிடந்த குழாய்களின் மேல் ஒரு பைக் ஏறிச் சாய்ந்தது. அதற்குப் பிரேக் போட்ட வேன், தண்ணீர் டேங்க் லாரிக்கும் மெஷினுக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. வெளியே நகர்ந்துகொண்டிருந்த இரண்டு வரிசையும் இந்தச் சந்தில் நுழைய முண்டியடித்து அப்படியே உறைந்துபோயின. அன்றுதான் ஆரஞ்சும் பச்சையும் ஒன்று சேர்ந்தன, கோவிந்தனைத் திட்டுவதற்காக. "யோவ் பெரியவரே, உனுக்கு அறிவு கீதா?" என்று வேன் டிரைவரும் கேட்டான். எல்லோரும் கேட்டதில் நியாயம் இருந்தது.

அந்த முடிச்சை அவிழ்க்க ஒன்றேகால் மணி நேரம் ஆனது. அவன் திரும்பி வந்து உட்கார்ந்தபோது உள்ளங்கையில் தகரம் கிழித்து ரத்தம் வழிந்தது. நாகவல்லி முந்தானை நுனியால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். "உன்னிய யாரு போவச் சொன்னா" என்றாள். திட்டியிருந்தால் தேவலை. அவள் குரலில் திட்டு இல்லை. அவன் ஆட்டோவின் கம்பியில் நெற்றியை வைத்து அழுதான். ஜெகன் திரும்பிப் பார்க்காமல் ஹாரனை மட்டும் அடித்துக்கொண்டே இருந்தான்.

பன்னிரண்டு மணிக்கு ஆஸ்பத்திரி வாசல். எடை பார்த்ததில் நாலு கிலோ ஏறியிருந்தது. பேபி சிஸ்டர் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார், நாகவல்லியின் காலை அழுத்திப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். "ரெண்டு மணி நேரம் வரும்ணே. இழுத்துப் பிடிச்சா ரெண்டேகால்."

"டாக்டரு நாலு மணி நேரம்னாரும்மா."

"தெரியும்ணே. வெளிய பாருங்க."

வெளியே பெஞ்சில் மூன்று மணி ஷிப்ட்டுக்கு வரவேண்டிய லோகநாயகி அம்மா இப்போதே உட்கார்ந்திருந்தாள். திருமழிசையிலிருந்து வருகிறவள். ரோட்டுக்குப் பயந்துகொண்டு எட்டு மணிக்கே கிளம்பிவிட்டாளாம். அவளுக்கும் கால் வீங்கியிருந்தது, அவளுக்கும் தோள் ஏறி இறங்கியது. கோவிந்தனைப் பார்த்துச் சிரித்து, "வந்துட்டியாப்பா? ரோடு எப்டிக்குது?" என்று கேட்டாள். "அப்டியேதாங்கீது" என்று சொல்லிவிட்டு அவன் படிக்கட்டில் போய் உட்கார்ந்தான். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், அந்தக் கிழவி ரோட்டில் மாட்டிக்கொண்டிருக்கக் கூடாதா என்று அவன் நினைத்தான். நினைத்ததும் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. தகரத்தை இழுத்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

இரண்டரைக்கு இறக்கிவிட்டார்கள். ஊசி குத்திய இடத்தில் ரத்தம் நிற்கும் வரை அழுத்திப் பிடித்திருந்து, பிளாஸ்திரி ஒட்டிக் கிளம்ப மூன்றரை ஆகிவிட்டது. "செவ்வாக்கிழமை எப்பாடு பட்டாவது பத்து மணிக்கே வந்துடுங்கம்மா" என்றார் பேபி சிஸ்டர். நாகவல்லி அவர் கன்னத்தைத் தொட்டு முத்தம் கொடுக்கிற மாதிரி விரலை உதட்டில் வைத்துக்கொண்டாள். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் கோவிந்தன் அவள் மடியைப் பார்த்தான். போர்வையும் காலுறையும் சின்னத் தலையணையும் வைத்த துணிப்பை. ஏ.சி. குளிருக்காக நாலு வருஷமாக அந்த வார்டு அலமாரியிலேயே இருக்கும் பை. யாரும் அதை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வருவதில்லை.

"இத ஏன் எடுத்துகினு வந்தே?"

"தொவைக்கணும்" என்றாள்.

குமணன்சாவடி சிக்னலில் வண்டிகள் நின்றன. வெயில் தொப்பியும் கழுத்தில் அடையாள அட்டையுமாக ஒரு பெண் ஒவ்வொரு வண்டியாகக் குனிந்து பேசிக்கொண்டு வந்தாள். முப்பது வயது இருக்கும், அட்டையில் ஷாரன் என்று இருந்தது. கையில் ஒரு டேப்லெட் கம்ப்யூட்டர். "ரெண்டே நிமிஷம் சார். நசரத்பேட்டைப் பக்கம் மேம்பாலமா மெட்ரோவான்னு ஒரு சர்வே. உங்களுக்கு எது வேணும்?"

ஜெகன் கண்ணாடியில் கோவிந்தனைப் பார்த்தான். கல்யாண மண்டபத்தில் எழுந்து நின்ற மனிதன் எங்கே போனான் என்று கோவிந்தனுக்கே தெரியவில்லை. "எதுனா போட்டுக்கோம்மா" என்றான்.

"சரி, ரெண்டும்னு போட்டுக்கறேன். அடுத்த கேள்வி. எல்லாம் கட்டி முடிச்சு, இன்னும் பத்து வருஷம் கழிச்சு, உங்க வீட்லேர்ந்து வாரத்துக்கு எத்தனை தடவை இந்த வழியா போவீங்க?"

"மூணு தடவ" என்றான் உடனே. "செவ்வா, வியாழன், சனி."

"எத்தனை பேர்?"

"ரெண்டு."

நாகவல்லி கண்ணை மூடி அவன் தோளில் சாய்ந்திருந்தாள். தூங்குகிறாள் என்றுதான் நினைத்திருந்தான். "ஒருத்தருன்னு போடும்மா" என்றாள்.

ஷாரனின் விரல் திரைக்கு மேலே நின்றது. அவனைப் பார்த்தாள்.

"ரெண்டும்மா. ரெண்டு போடு" என்றான்.

"ஒருத்தரு" என்றாள் நாகவல்லி, கண்ணைத் திறக்காமல்.

சிக்னல் விழுந்தது. பின்னாலிருந்து எல்லோரும் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்தார்கள். ஷாரன் ஒதுங்கினாள். ஒதுங்கும்போது அவள் விரல் திரையைத் தொட்டதைக் கோவிந்தன் பார்த்தான். எந்த எண்ணைத் தொட்டாள் என்று தெரியவில்லை. தலையை வெளியே நீட்டி, கழுத்தை முறுக்கிக்கொண்டு பார்த்தான். அதற்குள் அவள் அடுத்த வண்டிக்குக் குனிந்துவிட்டாள்.

மேலே ரயில் போனது. சோதனை ஓட்டம். உள்ளே ஒரு ஆள் இல்லை, ஓட்டுகிற ஆளும் இல்லை. ஜன்னல் ஜன்னலாகக் காலி சீட்டுகளைக் காட்டிக்கொண்டு, எந்தச் சிக்னலிலும் நிற்காமல் பூந்தமல்லியைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. எப்போதும் இந்த இடத்தில் நாகவல்லி தூண் நம்பர் சொல்ல ஆரம்பிப்பாள். இன்று சொல்லவில்லை. அவனே சொன்னான். "இருவத்தி ரெண்டு." கொஞ்சம் கழித்து, "இருவத்தி ஒண்ணு." அவள் பையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பைபாஸில் ஒன்றாம் தூணும் வந்து போனது. அதற்குப் பிறகு படிப்பதற்கு ஒன்றும் இல்லை.

நசரத்பேட்டைக்கு முன்னால், காலையில் நின்ற அதே இடத்தில், எதிர்ப்பக்கமாக ஆட்டோ மறுபடி நின்றது. தகரத்துக்குள் இரண்டு மெஷின்களும் துளைத்துக்கொண்டிருந்தன. அவன் இழுத்துத் திறந்த தகரத்தை இழுத்து மூடி, முறுக்குக் கம்பி போட்டு இரண்டு இடத்தில் கட்டியிருந்தார்கள். கோவிந்தன் அவள் கையைப் பையிலிருந்து மெல்ல எடுத்து மடியில் வைத்து, பிளாஸ்திரிக்குக் கீழே இரண்டு விரலை வைத்தான். ஜெகன் எஞ்சினை அணைத்தான். வண்டியின் ஆட்டம் அடங்கியதும், விரலுக்கு அடியில் அது விர்ரென்று ஓடுவது காலையில் இருந்ததைவிட நன்றாகத் தெரிந்தது.